ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே சிறு கம்பெனிகள் செய்யக்கூடியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் வங்கிகளின் சுவாதீன அறிவிப்பையும் ஏல அறிவிப்பையும் தொழில் காரணமாக விடாமல் படிப்பவர்கள் நாங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், வியாசர்பாடி முகவரிகள் அதில் வந்தபடியே இருக்கின்றன. லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் ஷெட், நாலைந்து டிரெய்லர் வைத்து ஓட்டும் டிரான்ஸ்போர்ட் கம்பெனி, பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் என்று எல்லாம் உண்டு. சொத்தைச் சுவாதீனம் எடுத்தால் இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்று சர்ஃபேசி விதி சொல்கிறது (கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழிசெய்யும் சட்டம் அது). அதனால்தான் அவை உங்களிடம் வருகின்றன. அதைப் பார்த்த பிறகே வக்கீலைத் தேடி ஓடுகிறவர்கள் அதிகம். அப்போது செய்வதற்கு மிச்சமிருப்பது கொஞ்சமே. அதற்குப் பல மாதங்கள் முன்னால், கணக்கு இன்னும் உயிரோடு இருக்கும்போது செய்யக்கூடியவற்றை எழுதுகிறோம். கடிதம் நீளமானதுதான். இடமில்லையென்றால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், நலிந்த சிறுதொழில்களுக்காக வங்கிகளில் உள்ள குழுவைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் 90 நாள் கணக்கு. தவணை நின்ற கணக்கை வங்கி எஸ்.எம்.ஏ., அதாவது கண்காணிக்க வேண்டிய கணக்கு, என்று குறிக்கும். தவணை நின்றதிலிருந்து 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0, 60 வரை எஸ்.எம்.ஏ. 1, 90 வரை எஸ்.எம்.ஏ. 2. 90 தாண்டினால் வராக்கடன், அதாவது என்.பி.ஏ. இதை மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தினமும் கணக்கு முடிக்கும்போது கம்ப்யூட்டரே குறித்துவிடுகிறது. வராக்கடன் ஆன பிறகு ஒரு தவணையையோ வட்டியையோ மட்டும் கட்டினால் கணக்கு பழைய நிலைக்கு வராது. அசலிலும் வட்டியிலும் உள்ள நிலுவை முழுவதையும் கட்டினால்தான் வரும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. இது தெரியாமல் 91ஆம் நாளுக்குப் பிறகு வீட்டு நகையை அடகு வைத்து ஒரு தவணை கட்டுகிறார்கள். நகையும் போகிறது, கணக்கும் மீள்வதில்லை.

சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கு, அதாவது சரக்கையும் பில்லையும் காட்டி லிமிட் வரை எடுத்துக்கொள்ளும் கணக்கு, வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தவணையே இல்லாததால் தவறவிட எதுவுமில்லை என்று நினைக்கிறார்கள். உதாரணத்துக்கு 40 லட்சம் லிமிட் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு இருப்பு 40 லட்சம், அதில் சப்ளையருக்குத் தர வேண்டிய 12 லட்சத்தைக் கழித்தால் 28. 25 விழுக்காடு மார்ஜின், அதாவது நீங்கள் போட வேண்டிய பங்கு, போக 21 லட்சம். வர வேண்டிய பில்கள் 30 லட்சம், 40 விழுக்காடு மார்ஜின் போக 18. ஆக டிராயிங் பவர், அதாவது நீங்கள் எடுக்கக்கூடிய தொகை, 39 லட்சம். நீங்கள் எடுத்திருப்பது 38. எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது ஒரே வாடிக்கையாளரின் 15 லட்ச ரூபாய் பில் 90 நாளைத் தாண்டுகிறது. வங்கி அந்தப் பில்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். டிராயிங் பவரில் 9 லட்சம் குறைந்து 30 ஆகிவிடும். ஒரு ரூபாய்கூடப் புதிதாக எடுக்காமலேயே நீங்கள் 8 லட்சம் மேலே நிற்கிறீர்கள், அன்றிலிருந்து அந்த 90 நாள் ஓடத் தொடங்குகிறது. மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும், கணக்குப் போடும் விதம் இதுதான். சரக்கையும் பில்லையும் வங்கிக்குக் காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அதை வைத்துப் போட்ட டிராயிங் பவரே செல்லாது. ஆகவே பணமில்லாத மாதத்தில்கூட ஸ்டேட்மென்டை நிறுத்தக் கூடாது. சரக்கைக் கூட்டிக் காட்டியும் கொடுக்கக் கூடாது. பின்னால் ஸ்டாக் ஆடிட்டில் பிடிபட்டால் சீரமைப்புப் பேச்சே நின்று, மோசடி என்ற திசைக்குப் போய்விடும்.

இனி அந்தக் குழு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களை மீட்டுச் சீரமைப்பதற்கான ஒரு வழிமுறையை மத்திய அரசு 2015 மே 29 அன்று அறிவித்தது. 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதை வணிக வங்கிகளுக்கு உத்தரவாக அனுப்பியது. 25 கோடி ரூபாய் வரை கடனுள்ள, உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்பதற்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற நிறுவனங்களுக்கு இது பொருந்தும். கம்பெனிதான் என்றில்லை. தனியாள் தொழில், பார்ட்னர்ஷிப் எல்லாவற்றுக்கும் உண்டு. 10 லட்சம் வரையிலான கடனைக் கிளை மேலாளரே பார்த்து முடிவெடுக்கலாம். அதற்கு மேல் என்றால் நலிந்த தொழில்களுக்கான குழுவுக்கு அனுப்ப வேண்டும். வங்கியின் மண்டல அதிகாரி, சிறுதொழில் கடன் பிரிவு அதிகாரி, வெளியிலிருந்து ஒரு நிபுணர், மாநில அரசின் பிரதிநிதி ஆகியோர் அதில் இருப்பார்கள். வங்கி அனுப்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் நடத்த முடியாமல் போகும் என்ற நியாயமான அச்சம் இருந்தாலோ, முந்தைய ஆண்டில் சேர்ந்த நஷ்டம் நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தது) பாதியைத் தின்றுவிட்டிருந்தாலோ உரிமையாளரே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் நான்கு விஷயங்கள் இருந்தாக வேண்டும்: கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கும் நிகர மதிப்பும், அரசு பாக்கியும் வெளிக்கடனும் சேர்த்து எல்லாக் கடன்களின் பட்டியல், நெருக்கடி எதனால் வந்தது என்பது, அதைத் தீர்க்க நீங்கள் கேட்பது என்ன என்பது. நான்காவதில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் படுத்துவிடுகின்றன. “கருணை காட்டி உதவ வேண்டுகிறோம்” என்று எழுதினால் குழு செய்வதற்கு ஒன்றுமில்லை. “டேர்ம் லோன் தவணையை ஆறு மாதம் நிறுத்தி, மீதியை 60 மாதமாக நீட்ட வேண்டும். சி.சி.யில் மேலே நிற்கும் 8 லட்சத்தைத் தனி டேர்ம் லோனாக மாற்ற வேண்டும். இன்ன கம்பெனியிலிருந்து இன்ன தேதிக்குள் இவ்வளவு வரும், பர்சேஸ் ஆர்டர் நகல் இணைப்பு” என்று மாதவாரிப் பணவரத்துக் கணக்கோடு எழுத வேண்டும். மீட்டர் வட்டி, தண்டல் என்று வெளியில் வாங்கியதை மறைக்காமல் பட்டியலில் போட்டுவிடுங்கள். அதை மறைத்துப் போட்ட பணவரத்துக் கணக்கு இரண்டாம் மாதமே பொய்த்துவிடும். அந்தக் கடனில் அடாவடி வட்டி இருந்தால் அதற்கு 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தனியாக இருக்கிறது.

குழு மூன்று வழிகளில் ஒன்றைச் சொல்லும். ஒன்று, கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. இதில் தேவைப்பட்டால் தற்காலிகமாகக் கூடுதல் கடன் கிடைக்கும், பொதுவாக ஆறு மாதத்தில் திருப்பிக் கட்ட வேண்டும், அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டால் கணக்கு வராக்கடனாகிவிடும். இரண்டு, சீரமைப்பு. மூன்று, வசூல். முதலாவதைத்தான் முதலில் கேளுங்கள் என்பது எங்கள் கருத்து. சீரமைப்பு என்று போனால் வழக்கமான விதிப்படி நல்ல கணக்கும் வராக்கடனாக இறங்கும், வங்கி அதற்கென்று பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். கிளை மேலாளர் இழுத்தடிப்பதற்கான காரணம் பெரும்பாலும் இதுதான். அவர் கெட்டவர் என்பதனால் அல்ல. முடிவு பிடிக்கவில்லையென்றால் 10 வேலை நாள்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

இந்த வழிமுறை வெறும் அறிவுரை அல்ல, வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பலரும் இந்தப் பாதியைத்தான் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். அதே தீர்ப்பின் மறுபாதி, கடன் வாங்கியவரும் விழிப்பாக இருந்து தான் குறு, சிறு நிறுவனம் என்பதை ஆவணத்தோடு காட்ட வேண்டும், எல்லா நடவடிக்கையும் முடியும் வரை சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் வந்து கேட்க முடியாது என்பது. 2025இல் வந்த இன்னொரு தீர்ப்பும் அந்த வழியிலேயே போகிறது. டிமாண்ட் நோட்டீஸ் அனுப்புவதற்கு வங்கிக்குத் தடையில்லை. நோட்டீசுக்குப் பதில் தரும்போதாவது உத்யம் சான்றோடும் அஃபிடவிட்டோடும் உரிமையைக் கேட்டாக வேண்டும். சுருக்கமாக, கேட்காதவருக்குக் கிடைக்காது.

அந்த டிமாண்ட் நோட்டீஸ், அதாவது சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ், வந்துவிட்டால் கட்டுவதற்கு 60 நாள். அதற்குள் ஆட்சேபம் அனுப்பினால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. 13(4)இன்படிச் சுவாதீன நடவடிக்கை எடுத்த பிறகுதான் போகலாம், அதற்கு 45 நாள் அவகாசம். எழும்பூரில் தலைமை மாஜிஸ்திரேட் முன் வங்கி போடும் மனு, சொத்தை எடுத்துக் கொடுக்க உதவி கேட்கும் மனு. அங்கே போய்க் கடன் கணக்கை வாதாட நினைப்பது வீண் அலைச்சல். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பு முழுப் பாக்கியும் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை. ஏல நாள் வரைக்கும் நேரமிருக்கிறது என்பது பழைய கதை.

ஓ.டி.எஸ்., அதாவது ஒரே தடவையில் பேசி முடிப்பது, யாருக்கும் உரிமை கிடையாது, வங்கியின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2021லேயே சொல்லிவிட்டது. கிடைத்தால் நல்லது. ஆனால் “மேனேஜர் பேசி முடிச்சிட்டார்” என்பதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். அனுமதிக் கடிதத்தில் மொத்தத் தொகை, கடைசித் தேதி, தாமதமானால் என்ன, வழக்கை எப்போது வாபஸ் வாங்குவார்கள், மூலப் பத்திரம் எப்போது தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணையை ஒரு நாள் தவறவிட்டாலும் சலுகை முழுதும் போய்ப் பழைய கடன் திரும்பி வரும்படிதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். தள்ளுபடியான தொகைக்கு வருமான வரி வருமா என்று ஆடிட்டரிடம் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதியும், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல்.

உள்ளே வர வேண்டிய பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 15 லட்சம் வராததுதான் பலருக்கு மூல வியாதி. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராத வாடிக்கையாளர், ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதற்கென்று உள்ள மத்திய அரசு இணையதளத்தில் பதிந்தால் மாநில வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து வாடிக்கையாளர் கோர்ட்டுக்குப் போவதானால் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். சரக்கு அனுப்பிய பிறகு உத்யம் எடுத்தவர்கள் இதில் சிக்கலில் மாட்டுகிறார்கள், அதனால் இன்றே எடுத்து வையுங்கள். பெரிய கம்பெனியைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பது இந்தப் பக்கத்து ஜாப் ஆர்டர்காரர்கள் எல்லோரும் சொல்வது. அது உண்மையும்கூட. அவர்கள் குறைந்தது, வருமான வரிச் சட்டப்படி 45 நாளில் தராமல் மார்ச் முடியும்போதும் பாக்கி நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்பதை அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு மார்ச்சுக்கு முன் ஒரு மெயிலில் நினைவூட்டலாம். சண்டை இல்லாமலே சில பில்கள் நகரும்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கும்போது யாருக்கு முதலில் கொடுப்பது? தினமும் வாசலில் வந்து நிற்பவருக்குத்தான் கொடுக்கிறார்கள். அது தப்பான வரிசை. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பங்கைக் கட்டாமல் வைத்திருப்பது கிரிமினல் குற்றம், கம்பெனி மூடினாலும் விடாது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இரண்டு மாதம் போடாவிட்டால் சரக்கு லாரியோடு போக வேண்டிய இ-வே பில் நின்றுவிடும், சரக்கு வெளியே போகாது, பில் போட முடியாது. வாடிக்கையாளருக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடைக்காததால் அவரும் பழைய பாக்கியைப் பிடித்துவைப்பார். துறை நிர்ணயித்த வரிப் பாக்கிக்கு 24 மாதத் தவணை வரை கேட்கலாம். நீங்களே ரிட்டர்னில் காட்டிய வரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தைப் பற்றி ஏகப்பட்ட குழப்பம். வயதில் மூத்த தொழிலதிபர்கள் இன்னமும் பி.ஐ.எஃப்.ஆர்., அதாவது நலிந்த ஆலைகளுக்கான பழைய வாரியத்துக்குப், போகலாமா என்று கேட்கிறார்கள். அது 2016 டிசம்பரிலேயே மூடியாயிற்று, சிறுதொழிலுக்கு அந்தக் கதவு திறந்திருந்ததும் இல்லை. இன்றைக்கு ராஜாஜி சாலையில் உள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், அதாவது என்.சி.எல்.டி.தான். பாக்கி 1 கோடிக்குக் குறைவாக இருந்தால் வழக்கமான திவால் நடைமுறையில் கம்பெனியை யாரும் இழுக்க முடியாது. 20 லட்சத்துக்கு “என்.சி.எல்.டி.யில் போட்டுவிடுவேன்” என்று மிரட்டும் சப்ளையரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1 கோடிக்கு மேல் என்றால் சப்ளையரின் டிமாண்ட் நோட்டீசுக்கு 10 நாளில் பதில் போக வேண்டும். சரக்கில் குறை என்று வாதிடுவதானால் ரிஜெக்‌ஷன் நோட், டெபிட் நோட், மெயில் எல்லாம் நோட்டீஸ் தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும். பிறகு தயாரித்தது செல்லாது.

சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கென்றே 2021 ஏப்ரலில் முன்கூட்டியே பேசித் தீர்க்கும் திவால் நடைமுறை ஒன்று வந்தது. ப்ரீ-பேக் என்பார்கள். பாக்கி 10 லட்சம் இருந்தால் போதும், நிர்வாகம் டைரக்டர்கள் கையிலேயே இருக்கும், 120 நாளில் முடிக்க வேண்டும், அதுவரை வழக்கும் வசூலும் நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. நாடு முழுக்கப் பயன்படுத்தியவர்கள் மிகச் சொற்பம். காரணம் எளிது. 2021இல் எழுதிய சட்டத்தில், கம்பெனியோடு உறவில்லாத, கடன் கொடுத்த வங்கி, நிதி நிறுவனங்களில் கடன் மதிப்பால் 66 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டால்தான் மனுவே போட முடியும். சிறு கம்பெனிக்கு இருப்பது ஒரே வங்கி. அது தலையசைக்கவில்லையென்றால் கதை முடிந்தது. தலையசைத்தாலோ குழுவிலேயே காரியம் முடிந்திருக்கும், திவால் நடைமுறையை நடத்தும் தீர்வு நிபுணருக்கும் மதிப்பீட்டாளருக்கும் கட்டணம் தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று வங்கிகள் இருந்து ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் இது உதவும். சப்ளையர் பாக்கியைக் குறைக்கும்படி திட்டம் போட்டால் வெளியாரும் போட்டித் திட்டம் தர வழி திறந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பெனிச் சட்டம் 230இன்படிக் கடன் கொடுத்தவர்களோடு உடன்பாடு செய்வதும் உண்டு. மதிப்பில் முக்கால் பங்கினர் சம்மதம் வேண்டும், செலவும் காலமும் இரண்டு மூன்று கோடிக் கடனுக்குக் கட்டுப்படியாகாது.

வழக்கமான திவால் நடைமுறைக்குள் போய்விட்டாலும் குறு, சிறு, நடுத்தர நிறுவன உரிமையாளர் தன் கம்பெனியைத் தானே திரும்ப எடுக்கத் திட்டம் தரலாம், வேண்டுமென்றே ஏமாற்றியவர் என்று அறிவிக்கப்படாதவரை. திட்டம் தரும் தேதியில் உத்யம் இருந்தால் போதும் என்று 2023இல் தீர்ப்பு இருக்கிறது.

இதில் எதுவும் டைரக்டரின் சொந்த ஜாமீனை நிறுத்தாது. கம்பெனி மேல் வழக்கும் வசூலும் நிற்கும் தடைக்காலம் வந்தாலும் ஜாமீன் போட்டவரின் வீட்டின் மேல் வங்கி நடவடிக்கை எடுக்கலாம். ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் உள்ள செக் வழக்கும் அப்படியே. 2021 தீர்ப்புப்படி கம்பெனி மேல் உள்ள வழக்குதான் நிற்கும், செக்கில் கையெழுத்துப் போட்டவர் மேல் உள்ளது நடக்கும். சப்ளையர்களிடம் கொடுத்து வைத்த தேதி போடாத செக்குகளை எழுத்து மூலம் ஏற்பாடு செய்து திரும்ப வாங்குவது, தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முந்தைய வேலை. வீட்டை மனைவி பேருக்கு எழுதுவதும், மைத்துனர் கடனை மட்டும் முதலில் அடைப்பதும் தப்பிக்கும் வழியல்ல. கம்பெனியாக இருந்தால் உறவினருக்குச் சாதகமாகக் கொடுத்ததை இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிப் பார்த்துத் திருப்பச் சொல்லலாம்.

தனியாளாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ நடத்துகிறவர்களுக்கு, வடசென்னையில் அவர்கள்தான் அதிகம், புதிய திவால் சட்டத்தில் அவர்களுக்கான பகுதி இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. அவர்களுக்கு மஞ்சள் நோட்டீஸ் என்று ஊரில் சொல்லும் பழைய ஐ.பி. மனுதான். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில், வெளியூருக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி. அடமானம் வைத்த சொத்தை அது காப்பாற்றாது. இரண்டு ஆண்டுக்குள் எழுதிக் கொடுத்த தானம் செல்லாமல் போகலாம். ஆகையால் இவர்களுக்குத்தான் வங்கிக் குழு கம்பெனிகளைவிட முக்கியம். கம்பெனி வைத்திருப்பவர்களில் சிலர் பேசாமல் ரிட்டர்ன் போடுவதை நிறுத்திவிட்டு, ஆர்.ஓ.சி., அதாவது கம்பெனிப் பதிவாளர், தானாகப் பெயரை நீக்கிவிடும் என்று காத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு தாக்கல் இல்லையென்றால் ஐந்து ஆண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. பெயர் நீக்க விண்ணப்பம் கடன் பாக்கி இல்லாத கம்பெனிக்கு மட்டுமே.

வங்கிகளிடம் கேட்பது ஒன்றுதான். எஸ்.எம்.ஏ. 1 ஆனதும் அனுப்பும் குறுஞ்செய்தியில் “உடனே கட்டவும்” என்பதோடு குழு இருக்கிறது என்ற ஒரு வரியையும், விண்ணப்பம் வாங்கும் அதிகாரியின் பதவியையும் தமிழில் சேர்க்கட்டும். கிளையில் விண்ணப்பத்தை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு கிளைக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், மெயிலிலும் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். “கடன் தரவில்லை” என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். “இந்தத் தேதியில் கொடுத்த விண்ணப்பத்தைக் குழுவுக்கு அனுப்பவில்லை” என்று எழுதி, ஒப்புதல் அட்டையின் நகலை இணைக்க வேண்டும். அதே விஷயம் தீர்ப்பாயத்தில் வழக்காக இருந்தால் புகாரை எடுக்க மாட்டார்கள். தபாலில் அனுப்பும் புகாரைத் தமிழிலேயே எழுதலாம்.

இப்படிக்கு,
சிறுதொழில்களுக்குக் கணக்கும் வழக்கும் பார்க்கும் வாசகர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை